ஹூகோ சான்செஸ் 9 ரெட்ரோ ஜெர்சி: துணி ஓகே, வருஷம் தான் தப்பு

ரெண்டு மாசமா வேணுமா வேணாமான்னு யோசிச்சு போன மாசம் தான் ஆர்டர் போட்டேன். ஸ்பெயின் ஃபுட்பால் டீம் ரியல் மாட்ரிட்டோட ரெட்ரோ ஜெர்சி, வெள்ளை, முதுகுல 9, அதுக்கு மேல ஹூகோன்னு பேரு, 80ஸ்ல அங்க ஆடுன மெக்சிகோகாரர் ஹூகோ சான்செஸ். டிஸ்க்ரிப்ஷன்ல "1989-90, 38 கோல் சீசன் எடிஷன், ரியல் மாட்ரிட்டின் முதல் மெக்சிகன்"னு பெருசா போட்டிருந்தான். 1,299 ரூபா, டெலிவரிக்கு 60 தனி. கடை பேர் சொல்லப்போறதில்ல, சொன்னா விளம்பரம்பீங்க இல்ல வன்மம்பீங்க. இன்ஸ்டால ஜெர்சி விக்கிற பேஜ் தெருவுக்கு நாலு இருக்கு, அதுல ஒண்ணுன்னு வச்சுக்கங்க.

எதுக்கு ஹூகோ சான்செஸ்னு கேப்பீங்க. எங்க மாமா 86 வேர்ல்டு கப்ப தூர்தர்ஷன்ல கண்ணு முழிச்சு பாத்த ஆளு, ஊரே மரடோனா மரடோனான்னு கிடக்கும்போது இவரு மட்டும் "மெக்சிகோல ஒருத்தன் இருந்தான்டா, சுருட்ட முடி, கோல் போட்டா குட்டிக்கரணம் அடிப்பான்"னு சொல்லிட்டே இருப்பாரு. அந்த வேர்ல்டு கப்புல அவர் போட்டது ஒரே ஒரு கோல், பெல்ஜியம் மேட்ச்ல, பராகுவே மேட்ச்ல பெனால்டிய வேற விட்டாரு. மாமாவுக்கு அதெல்லாம் கணக்கே இல்ல, கரணம் தான் மனசுல நின்னுருக்கு. நான் பெரியவனாகி தேடி பாக்கும்போது தான் தெரியுது, மனுஷன் நிஜ ஆட்டத்த காட்டுனது ஸ்பெயின்லன்னு.

சரி ஜெர்சிக்கு வருவோம். பார்சல் அஞ்சாவது நாள் வந்துச்சு, சாதா பாலிதீன் கவர், உள்ள அட்டை கூட இல்ல, மடிச்சு சுருட்டி அனுப்பிருக்கான். பிரிச்சதும் ஒரு ரப்பர் வாசனை, புதுசா பிரிண்ட் அடிச்ச வாசனை, ஒரு நாள் கொடில போட்டதும் போயிடுச்சு. துணி பாலியெஸ்டர் தான், ஆனா இப்ப வர்ற ஓட்டை ஓட்டையா இருக்குற ட்ரை ஃபிட் இல்ல, கொஞ்சம் கனமா, வெளிச்சத்துல லேசா மினுமினுன்னு, 80ஸ் ஜெர்சி ஃபீல் வருது. அது எனக்கு பிடிச்சிருந்துச்சு. காலர் ஓரத்துல ஊதா, தோள்லேருந்து கை வரைக்கும் ஹம்மல் கம்பெனியோட அந்த அம்பு மாதிரி கோடு வரிசையா இறங்குது. தையல் உள்பக்கம் திருப்பி பாத்தேன், அக்குள் கிட்ட ஒரு நூல் தொங்குச்சு, கத்திரியால நறுக்கிட்டேன், மத்தபடி குறை சொல்ல ஒண்ணும் இல்ல. சைஸ் மட்டும் மோசம், நான் எப்பவும் எல் போடுற ஆளு, இந்த எல் எனக்கு எம் மாதிரி வயித்த பிடிக்குது, தொப்பை இருக்குறவங்க ஒரு சைஸ் ஏத்தியே போடுங்க.

இதோட நிறுத்திருந்தா நாலு ஸ்டார் குடுத்துட்டு போயிருப்பேன். நெஞ்சு பக்கம் பாத்தா பர்மலாத்.

தெரியாதவங்களுக்கு சொல்றேன், ஹூகோ ரியல்ல இருந்தது 1985லேருந்து 1992 வரைக்கும், ஏழு சீசன். ஏழுலயும் ஜெர்சி கம்பெனி ஹம்மல் தான், அதுல குழப்பம் இல்ல. ஆனா நெஞ்சுல இருக்குற ஸ்பான்சர் மூணு பேரு. 1989 வரைக்கும் பர்மலாத், இத்தாலி பால் கம்பெனி. 1989லேருந்து 91 வரைக்கும் ரெனி பிகோட், அதுவும் பால் கம்பெனி தான், இது ஸ்பெயின்ல அஸ்தூரியாஸ் பக்கம். கடைசி சீசன் ஒட்டாய்சா. ஆக பழைய போட்டோ ஒண்ணு கைல கிடைச்சா நெஞ்ச பாத்தே எந்த காலம்னு ஓரளவு சொல்லிடலாம். 38 கோல் சீசன்னு போட்டுட்டு பர்மலாத் அடிச்சு குடுத்தா அது எப்படிங்க, கல்யாண ஆல்பத்துல நிச்சயதார்த்த சட்டைய போட்டு நிக்கிற மாதிரி இருக்கு. ரெண்டும் பால் தானேன்னு விட்டுட்டான் போல.

அந்த 38 சும்மா ஒரு நம்பர் இல்ல, அதனால தான் எனக்கு கோவமே. ஸ்பெயின்ல ஒரே சீசன்ல 38 கோல்ங்கிறது அத்லெட்டிக் பில்பாவோவோட ஸாரா 1950-51ல போட்ட ரெக்கார்டு, 39 வருஷமா யாரும் தொடல. ஹூகோ 1989-90ல அத தொட்டாரு, 35 மேட்ச்ல 38. அந்த வருஷம் ரியல் டீமே லீக்ல 107 கோல் போட்டுச்சு, கோச் டோஷாக். அதே வருஷம் பல்கேரியால ஸ்டாய்ச்கோவும் 38 போட, யூரோப்புல அதிக கோல் போட்டவனுக்கு குடுக்குற கோல்டன் பூட்ட ரெண்டு பேருக்கும் பிரிச்சு குடுத்தாங்க. இதுல இன்னொரு விஷயம் என்னன்னா, அந்த 38ம் ஒரே டச்ல போட்டதுன்னு சொல்லுவாங்க, பந்த நிறுத்துறது, தட்டி விடுறது, ஒருத்தன வெட்டி போறது எதுவும் கிடையாது, வந்த பந்து வந்த வேகத்துலயே உள்ள. பெனால்டியும் ஒரு டச் தானேன்னு எங்க மாமா பையன் மடக்குனான், சரிடா அதையும் கழிச்சிட்டு மீதிய பாருன்னேன், வீடியோவ போட்டு பாத்துட்டு வாய மூடிக்கிட்டான். தலையால, வலது காலால, இடது காலால, காத்துல படுத்துகிட்டு, எல்லாம் ஒரே தட்டு. பாக்ஸ்க்குள்ள எங்க நிக்கணும்ங்கிறத பந்து கிளம்புறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிருக்கான் மனுஷன். அந்த ரெக்கார்ட தாண்டுனது 2010-11ல ரொனால்டோ தான்.

ரெண்டாவது தப்பு லோகோ. கிரீடம் இருக்கு, எழுத்து பின்னல் இருக்கு, எம்ப்ராய்டரி நெருக்கமா நல்லாவே இருக்கு, ஆனா குறுக்க போற பட்டை நீலம். ரியல் லோகோல அந்த பட்டை 2001ல தான் நீலமாச்சு, அதுக்கு முன்னாடி அது ஊதா, மாட்ரிட் இருக்குற காஸ்டீல் பகுதியோட கலர்னு சொல்லுவாங்க. காலர்ல ஊதா கரெக்டா போட தெரிஞ்சவனுக்கு லோகோல போட தெரியல. இப்ப இருக்குற லோகோவ அப்படியே டவுன்லோட் பண்ணி அடிச்சிருக்கான், வேறென்ன.

இந்த ஊதாவ தேடி போகும்போது தான் டிஸ்க்ரிப்ஷன்ல இருக்குற "முதல் மெக்சிகன்"ங்கிற கதையும் பொய்னு தெரிஞ்சுது. அந்த பட்டை லோகோக்குள்ள வந்தது 1931ல, ஸ்பெயின் ராஜா போயி குடியரசு வந்த வருஷம். கிரீடத்த எடுத்துட்டாங்க, பேர்ல இருந்த, ராஜாவோடதுன்னு அர்த்தம் வர்ற ரியல்ங்கிற வார்த்தையையும் எடுத்துட்டாங்க, வெறும் மாட்ரிட், ஊதா பட்டையோட. அந்த கிரீடம் இல்லாத காலத்துல, 1933ல, டீம்க்கு வந்தாரு ஹோசே ரமோன் சவுட்டோ, மெக்சிகோ சிட்டில பொறந்தவரு. 1936ல உள்நாட்டுப் போர், மூணு வருஷம் லீகே கிடையாது, போர் முடிஞ்சு 1941ல கிரீடம் திரும்ப லோகோல ஏறுது, மனுஷன் அப்பவும் அதே டீம்ல இருக்காரு, 1944 வரைக்கும். ஒரு பிளேயர் கிரீடம் இல்லாமயும் ஆடி கிரீடத்தோடயும் ஆடிருக்காரு, அதுவும் வெளிநாட்டுல பொறந்துட்டு, நடுவுல ஒரு போர். இவருக்கு ஒரு ரெட்ரோ ஜெர்சி எவனும் போடமாட்டான், ஏன்னா பிரிண்ட் பண்ண அதுல ஒண்ணுமே இல்லையே, ஸ்பான்சர் இல்ல பேர் இல்ல, வெறும் வெள்ளை துணி. சவுட்டோ போன வருஷமே இன்னொரு மெக்சிகோகாரர் ஹோசே லூயிஸ் போர்போயா வந்தாரு, ரியல்ல ரொம்ப நாள் இல்ல. ஆக நம்ம ஹூகோ மூணாவதா வந்தாலும் வந்திருப்பாரே தவிர முதல் ஆள் இல்ல. முதல் ஆள்னு போட்டா தான் விக்கும்னு எவனோ சொல்லிக் குடுத்திருக்கான்.

மூணாவது தப்பு தான் பெரிய தப்பு, முதுகுல பேரு. ஸ்பெயின் லீக்ல பிளேயர் பேர ஜெர்சில போட ஆரம்பிச்சதே 1995-96ல. ஹூகோ ஸ்பெயின்ல கடைசியா ஆடுனது 1993-94, ராயோ வயேகானோவுக்கு. அதாவது அவர் ஸ்பெயின்ல இருந்த வரைக்கும் ஒரு லீக் மேட்ச்ல கூட முதுகுல பேர் போட்டு ஆடுனதே இல்ல! வெறும் நம்பர். இந்த ஜெர்சில கொட்டை எழுத்துல பேரு, அதுவும் இப்ப வர்ற ஃபான்ட்ல. வாங்கும்போது எனக்கும் இது தோணல, ஒத்துக்கிறேன், பேரோட இருந்தா நல்லாருக்கும்னு தான் நானும் செலக்ட் பண்ணேன்.

பேர் போட்டு என்ன பிரயோஜனம்னும் பாத்துட்டேன். ஞாயித்துக்கிழம டர்ஃப்க்கு போட்டுட்டு போனேன், கூட ஆடுற காலேஜ் பசங்கள்ல ஒருத்தன் முதுக பாத்துட்டு "அண்ணே ஹூகோ பாஸ் ஜெர்சில்லாம் விடுறானா, என்ன ரேட்டு"ங்குறான். செண்ட் பாட்டில்ல பாத்த பேரு அவனுக்கு. உக்கார வச்சு சொன்னேன், தம்பி இந்தாளு லா லிகால, அதான் ஸ்பெயின் லீக்ல, 234 கோல், 347 மேட்ச்ல. இவர் ஆடுன காலத்துல இவருக்கு மேல ஸாரா ஒருத்தர் தான், 251. இப்ப மெஸ்ஸி, ரொனால்டோ, பென்ஸிமா மூணு பேரும் இவர தாண்டிட்டாங்க, அப்படியும் இன்னைக்கும் அஞ்சாவது இடம். "அவ்ளோ கோலா, அப்ப ஏன்ணே யாருக்கும் தெரியல"ன்னான். அதுக்கு என் கிட்ட பதில் இல்ல, அவன் பந்த எடுத்துட்டு போயிட்டான்.

உள்ள ஒரு சின்ன அட்டை வச்சிருந்தான், பிளேயர் பயோடேட்டான்னு, அதுலயும் 1985லேருந்து தான் கதை ஆரம்பிக்குது. அதுக்கு முன்னாடி நாலு வருஷம் எங்க போச்சு? 1981ல மெக்சிகோவோட பூமாஸ் டீம்லேருந்து ஸ்பெயினுக்கு வந்தது அத்லெட்டிகோ மாட்ரிட்டுக்கு தான். பூமாஸ்ங்கிறது யூனிவர்சிட்டி டீம், மனுஷன் அந்த யூனிவர்சிட்டிலயே பல் டாக்டர் படிப்பு முடிச்சவரு. முதல் வருஷம் பெருசா எடுபடல, லீக்ல எட்டு கோல் தான். மெக்சிகோலேருந்து வந்தவன் ஸ்பெயின்ல தாக்குப்பிடிப்பானான்னு பேசுன காலம் அது, எதிர் டீம் மைதானத்துல இந்தியோன்னு கத்துவாங்க, நம்ம ஊர் இந்தியா இல்லங்க, அமெரிக்க பழங்குடிய மட்டம் தட்டி சொல்ற சொல்லு. அதையெல்லாம் கேட்டுக்கிட்டே 1984-85ல 19 கோல் போட்டு பிச்சிச்சி வாங்குறாரு, அதாவது லீக்ல டாப் ஸ்கோரருக்கு குடுக்குற பரிசு. அதே சீசன் கடைசில ஸ்பெயின் கப்பான கோபா டெல் ரே ஃபைனல், அத்லெட்டிக் பில்பாவோ கூட, 2-1, ரெண்டு கோலும் ஹூகோ. மேட்ச் நடந்த இடம் ரியலோட மைதானம் பெர்னபியூ, அதாவது அடுத்த மாசம் அவர் சேரப்போற வீடு.

சேர்ந்த விதம் இன்னும் ஜோரு. அத்லெட்டிகோகாரன் தன்னோட டாப் ஸ்கோரர ரோட்டுக்கு அந்த பக்கம் இருக்குற எதிரிக்கு நேரா வித்தா ஃபேன்ஸ் சும்மா விடுவாங்களா, அதனால முதல்ல பூமாஸுக்கு திருப்பி வித்த மாதிரி பேப்பர் போட்டு, பூமாஸ்கிட்டேருந்து ரியல் வாங்குன மாதிரி முடிச்சாங்க. நம்ம ஊர்ல இடம் கைமாத்தும்போது நடுவுல ஒரு பேர நுழைச்சு பத்திரம் போடுவாங்கல்ல, அச்சு அசல் அதே வேலை. இதெல்லாம் அந்த அட்டைல ஒரு வரி கிடையாது. அத்லெட்டிகோ ஹூகோ ஜெர்சி இருக்கான்னு அதே பேஜ்ல கேட்டேன், "ப்ரோ அவர் ரியல் பிளேயர் ப்ரோ"ன்னு ரிப்ளை.

ரியல்ல நடந்தது ஓரளவு எல்லாருக்கும் தெரிஞ்சது தான். புட்ராகேன்யோ, மிச்செல், சான்ச்சிஸ், மார்ட்டின் வாஸ்கெஸ்னு உள்ளூர் பசங்க செட்டு ஒண்ணு மேல வந்துட்டு இருந்துச்சு, அதுக்கு நடுவுல இவர போட்டாங்க, 1986லேருந்து 90 வரைக்கும் வரிசையா அஞ்சு லீக். அதுல ஹூகோவுக்கு நாலு பிச்சிச்சி, 22, 34, 29, அப்புறம் அந்த 38. அத்லெட்டிகோல வாங்குனதையும் சேத்தா மொத்தம் அஞ்சு. நடுவுல 1988-89ல மட்டும் விட்டுப்போச்சு, அத தட்டிட்டு போனவன் அத்லெட்டிகோவோட பல்தசார், விதிய பாருங்க. யூரோப்பியன் கப் மட்டும் கடைசி வரை கிடைக்கல, மூணு வருஷம் வரிசையா செமிஃபைனல்ல அவுட்டு, பேயர்ன், பிஎஸ்வி, மிலன். மிலன்ல 5-0, அத பத்தி பேச வேணாம்.

ஆனா ஒரு கோல பத்தி பேசாம விட மாட்டேன். 1988 ஏப்ரல் 10, லோக்ரோன்யெஸ்ங்கிற டீம் கூட, இடது பக்கத்துலேருந்து மார்ட்டின் வாஸ்கெஸ் கிராஸ், ஹூகோவுக்கு முதுகு கோல் பக்கம். அப்படியே பின்னால சாஞ்சு ரெண்டு காலும் தரைய விட்டு கிளம்புது, இடுப்பு தலை உசரத்துல இருக்கு, இடது கால் கத்திரி மாதிரி வெட்டுது, பந்து டாப் கார்னர்ல. விழுந்த வேகத்துல எழுந்து ஓடுறாரு. பெர்னபியூல கூட்டம் வெள்ள கைக்குட்டைய எடுத்து ஆட்டுது, அங்கல்லாம் காளைச் சண்டைல நல்லா ஆடுன வீரனுக்கு ஆட்டுற கைக்குட்டை அது. அந்த கரணம், மாமா சொன்ன குட்டிக்கரணம், அதோட கதையும் இங்க சொல்லிடுறேன், அவரோட அக்கா எர்லிண்டா ஜிம்னாஸ்ட், 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்ஸ்ல மெக்சிகோவுக்காக இறங்குனவங்க, அதே ஒலிம்பிக்ஸ்ல தம்பி ஃபுட்பால் டீம்ல. அக்கா வீட்டுல பழகுனத பாத்து கத்துக்கிட்டது.

இந்த வீடியோவ பாஸ் பண்ணி பாஸ் பண்ணி தான் ஜெர்சிய ஒப்பிட்டு பாத்தேன். 1988 ஏப்ரல்னா நெஞ்சுல பர்மலாத் கரெக்ட்! அப்ப தான் உறைச்சுது, இவன் விக்கிறது உண்மைல லோக்ரோன்யெஸ் கோல் காலத்து ஜெர்சி, டிஸ்க்ரிப்ஷன மட்டும் 89-90ன்னு மாத்தி எழுதிட்டான். ஒழுங்கா "87-88, அந்த கோல் ஜெர்சி"ன்னு போட்டிருந்தா நான் ரெண்டு வாங்கிருப்பேன், மாமாவுக்கு ஒண்ணு. தன் கடைல என்ன சரக்கு இருக்குன்னே தெரியாம விக்கிறான் பாருங்க.

மெசேஜ் போட்டேன், போட்டோவோட, ஸ்பான்சர் தப்பு, லோகோ தப்பு, பேரு தப்பு, முதல் மெக்சிகன் தப்புன்னு நாலு பாயிண்டா. மூணு நாள் கழிச்சு ரிப்ளை: "ப்ரோ சைஸ் இஷ்யூ இருந்தா மட்டும் தான் எக்ஸ்சேஞ்ச்." சைஸ் இஷ்யூவும் இருக்குன்னேன். "ஸ்டாக் இல்ல ப்ரோ, ஸ்டோர் கிரெடிட் தரவா"ன்னான், சரி தான் போன்னு விட்டுட்டேன். டிஸ்க்ரிப்ஷன் இன்னைக்கு காலைல பாத்தேன், அப்படியே தான் இருக்கு.

துவைச்சு பாத்த ரிப்போர்ட்டும் சொல்லிடுறேன். நாலு தடவ துவைச்சாச்சு, ரெண்டு தடவ கைல, ரெண்டு தடவ மெஷின்ல உள்பக்கம் திருப்பி போட்டு. வெள்ளை மங்கல, காலர் ஊதா சாயம் இறங்கல, அது பெரிய விஷயம். பர்மலாத் பிரிண்ட்ல விரிசல் எதுவும் இல்ல. முதுகுல 9 கெட்டியா ஒட்டிருக்கு, ஆனா பேர்ல கடைசி எழுத்து மூணாவது துவைப்புலயே ஓரம் கிளம்பிடுச்சு.

கிளம்பினது நல்லதுக்குன்னு நினைச்சுக்கிட்டேன். போன சனிக்கிழம ராத்திரி மேல நியூஸ் பேப்பர விரிச்சு அயர்ன் பாக்ஸ வச்சு வச்சு எடுத்து, சூடு இருக்கும்போதே நகத்தால கிள்ளி ஒவ்வொரு எழுத்தா உரிச்சேன். முக்கால் மணி நேரம் ஆச்சு, ஜி தான் வரவே மாட்டேன்னு அடம், அது இருந்த இடத்துல பசை மஞ்சளா ஒரு தடம் நிக்குது, எலுமிச்சம்பழம் தேச்சும் போகல. மத்தபடி இப்ப முதுகுல வெறும் 9. மாமாகிட்ட வீடியோ கால்ல திரும்பி நின்னு காட்டுனேன், கண்ணாடிய நெத்திக்கு ஏத்திட்டு கிட்ட வந்து பாத்தாரு, "ஆமாடா இப்படி தான் இருக்கும், அந்த மஞ்ச என்ன, சாம்பாரா"ன்னாரு.

துணிக்கு நாலு, தையலுக்கு நாலு, சைஸுக்கு ரெண்டு, கஸ்டமர் சர்வீஸுக்கு ஒண்ணு, வரலாறுக்கு முட்டை. வாங்குறதுன்னா பேரு வேணாம்னு சொல்லி நம்பர் மட்டும் போட சொல்லுங்க, அதுக்கு 150 ரூபா கம்மியும் கூட.